படம் நாற்பத்தொன்று

சார், மேடையில் நீங்கள் சொன்னது பொய். அது பொய் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூடத்தில் இருந்த வேறு யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில்தான் அவ்வளவு சிரித்துக்கொண்டு சொன்னீர்கள்.

படிப்பவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் முதலியார்பேட்டையில் இன்வெர்ட்டர் பாட்டரி கடை வைத்திருப்பவன். அதற்கு முன்னால் நாலு வருடம், ஊருக்கு வடக்கே கடலோரச் சாலையில் ஒரு சின்ன ஆய்வு மையத்தில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். படிப்பை முடிக்கவில்லை. அங்கே எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியருக்குப் போன மாதம் பணி ஓய்வுப் பாராட்டு விழா. பழைய மாணவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். போனேன், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். அவர் மைக்கைப் பிடித்து, தன்னிடம் படித்த ஒரு பெண்ணைப் பற்றி ஒரு கதை சொன்னார். சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஒரு மாதமாகியும் அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போகவில்லை.

அந்தக் கதை என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பெண் யார் என்று தெரிய வேண்டும். பெயரைச் சொல்ல மாட்டேன். அவரைக் கேட்காமல் அவர் விஷயத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே கை வைத்தாயிற்று, அது போதும்.

நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட நாலு வயது மூத்தவர், இரண்டு வருடம் முன்னால் சேர்ந்தவர். நானும் அவரும் ஒரே அறை. குள்ளமான உருவம். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அது இருப்பதை மறந்துவிட்டு மேசை முழுக்கப் பென்சில் தேடுவார்.

நான் சேர்ந்த முதல் நாள் எனக்கு ஒரு சின்ன கணக்கு கொடுத்தார். அதைத் தானும் போட்டிருந்தார். போட்ட தாளைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி வைத்தார்.

"பாக்காம போடு. பாத்துட்டுப் போட்டா அது என் கணக்கு, உன்னுது இல்ல."

போட்டேன். டப்பாவை எடுத்துத் தாளைத் திருப்பினால் இரண்டு விடையும் வேறு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருக்கு முகம் மலர்ந்தது. இரண்டு பேரில் ஒருவர் தப்பு, யார் என்று கண்டுபிடிக்க வேண்டும், அதுவே அவருக்குப் பண்டிகை மாதிரி. அன்றைக்குத் தப்பு என்னுடையது. அதற்கப்புறமும் பெரும்பாலும் என்னுடையதுதான்.

இது ஆராய்ச்சியோடு நிற்கிற பழக்கம் இல்லை. வழி கேட்டால் இரண்டு பேரிடம் கேட்பார். முதல் ஆள் சொன்னது இரண்டாவது ஆளின் காதில் விழாத தூரத்துக்குப் போய்க் கேட்பார். ஒரு தடவை கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டைத் தேடி என்னையும் கூட்டிப்போனார். முதலில் கேட்ட ஆள் கைகாட்டிய திசையில் போகவே இல்லை. நேராக எதிர்ப்பக்கம் நடந்து, வேறொருவரைப் பிடித்துக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். முதலில் வழி சொன்ன ஆள் அதே இடத்தில் நின்று எங்களை முறைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்து, நீங்க சொன்னது சரிதாங்க என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு நடந்தார். மைய வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் சொல்வார், இந்தம்மா டீயக்கூட ரெண்டு கடையில குடிச்சுப் பாத்துட்டுதான் சூடா இருக்குனு ஒத்துக்கும் என்று. அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். உங்க கடையிலதான் ரெண்டாவதா குடிக்கிறேன் என்பார்.

அவர் வீடு சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய்க் குடும்பம். அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து பென்சன் வாங்குகிறவர், குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை. அவர்கள் தெருவில் படித்த பிள்ளைகள் எல்லாம் பிரான்ஸுக்குப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் ஆராய்ச்சி வேலையை முடித்துவிட்டுத்தான் போவேன், வெறும் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு போக மாட்டேன் என்று இங்கேயே இருந்தார். அவர் அப்பா என்னைப் பார்த்தால் பிரெஞ்சில் ஐயா போட்டு, "வாங்க முசியே பிசிக்ஸ்" என்பார். மகளுக்கு ஒரு வரன் வந்த கதையை அவர்தான் சொன்னார். மாப்பிள்ளை பாரிஸில். இங்கே இருக்கும் மாப்பிள்ளை வீட்டில் விசாரிக்க மாமாவை ஒரு நாளும் சித்தியை இன்னொரு நாளும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறார் அக்கா. திரும்பி வந்து சொல்லும்வரை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் போனில் பேசக் கூடாது என்று கட்டளை வேறு. மாமா வந்து மாப்பிள்ளை பாங்கில் மேனேஜர் என்றார். சித்தி வந்து பாங்கில் காவல் வேலை என்றார்.

"நான் சொன்னேன், இருக்கட்டுமே, ரெண்டும் பாங்குதானேனு," என்றார் அவர் அப்பா. "இவ இன்னா சொன்னா தெரியுமா? எந்த வேல செஞ்சா இன்னா, எனக்கு அது பிரச்சன இல்ல. ரெண்டு பேர்கிட்ட ரெண்டு விதமா சொல்றவன் எனக்கு வேணாம்னுட்டா."

அக்கா அப்படித்தான். காவல் வேலைக்காரரைக் கட்டியிருப்பார், பொய்க்காரனைக் கட்ட மாட்டார். சார், இது உங்களுக்கும் தெரிந்த கதைதான். டீ குடிக்கும்போது அவரே உங்களிடம் சொன்னார். நீங்களும் அன்றைக்குச் சிரித்தீர்கள்.

இனி நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். கஷ்டம் இல்லை, பொறுமையாகப் படித்தால் புரியும். பாட்டரி விற்கிற எனக்கே புரிந்தது.

அணுவுக்குள்ளே கரு. கருவுக்குள்ளே புரோட்டான், நியூட்ரான். அவற்றுக்குள்ளே குவார்க் என்கிற துகள்கள். அந்தக் குவார்க்குகளைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும் விசைதான் எங்கள் வேலை. விசை என்றால் கயிறு கட்டி இழுப்பது அல்ல. ஒரு குவார்க்கிலிருந்து இன்னொரு குவார்க்குக்குக் குளுவான் என்று ஒரு துகள் போய்ச் சேருகிறது, அதுதான் விசை. மின்சார விசைக்கும் இப்படி ஒன்று உண்டு, ஒளித்துகள். ஆனால் ஒளித்துகள் சாது, இன்னொரு ஒளித்துகளை நேராகத் தொடாது. குளுவான் அப்படி இல்லை. போகிற வழியில் இரண்டாகப் பிரியும், மறுபடி சேரும், வேறு குளுவானோடு ஒட்டும். ஒரு குளுவான் இங்கிருந்து அங்கே போக எத்தனை விதமான வழி உண்டோ அத்தனைக்கும் கணக்குப் போட்டுக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு வழிக்கும் ஒரு படம் வரைவோம். ஒவ்வொரு படமும் ஒரு எண் தரும். எங்கள் வேலையில் நூற்றுக்கு மேல் படங்கள்.

படங்களை வரைந்து பட்டியல் போடுவதில் ஒரு ஆபத்து உண்டு. ஒரே வழியை இரண்டு தடவை எண்ணிவிடுவது. குளுவான் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும்போது, நடுவில் இருக்கும் இரண்டும் அச்சு அசல் ஒன்று. மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் மாற்றி வைத்தாலும் படம் அதேதான். ஆனால் கணக்கு அதை இரண்டாக எண்ணிக்கொள்ளும். அதனால் அந்தப் படத்தின் எண்ணைப் பாதியாக்க வேண்டும். சின்னப் படத்தில் இது எல்லாருக்கும் தெரியும். பெரிய படத்தில், சிலந்தி வலை மாதிரி கோடுகள் பின்னிக் கிடக்கும்போது, எது எதோடு ஒத்துப்போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

புதிதாக வந்தவர்களுக்கு அக்கா இதை எங்கள் ஊரை வைத்துச் சொல்வார். இங்கே பழைய தெருக்களுக்கு இரண்டு பெயர். பலகையில் பிரெஞ்சுப் பெயர் ஒன்று, தமிழ்ப் பெயர் ஒன்று. "பலகையப் பாத்து எண்ணினா ரெண்டு தெரு. செருப்பு போட்டு நடந்து பாத்தா ஒண்ணுதான்." இதைச் சொன்னவர்தான் அந்தத் தப்பைச் செய்தார். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எல்லோரும் செய்வதுதான். அப்படிச் செய்வோம் என்று தெரிந்துதான் அவர் டப்பாவுக்கு அடியில் தாளை வைத்தார்.

எங்கள் அறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். அதில் அக்கா தன் தப்புகளை எழுதி வைப்பார். அவருடையதை மட்டும். என்ன தப்பு, கண்டுபிடித்தவர் யார், அவ்வளவுதான். யார் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்கு பேக்கரியிலிருந்து ஒரு கிரீம் பன். அவரோடு இருந்த காலத்தில் நான் மொத்தம் மூன்று பன் வாங்கியிருப்பேன். வருகிற விருந்தாளிகளிடம் அலமாரியைத் திறந்து அந்தத் தாளைக் காட்டுவார். மற்றவர்கள் வாங்கிய பரிசைக் காட்டுகிற மாதிரி. ஒரு தடவை வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், இதை ஏம்மா எல்லாருக்கும் காட்டறே, மறைச்சு வை என்றார். மறைத்து வைத்தால் மறுபடி செய்வேன் சார் என்றார் அக்கா.

அந்தப் பெரிய கணக்கை இரண்டு வருடம் போட்டோம். இறுதிக் கூட்டலைக் கம்ப்யூட்டர் செய்யும். ஆனால் எத்தனை படம், எதை முழுதாக எண்ணுவது, எதைப் பாதியாக எண்ணுவது என்ற பட்டியலைக் கையால்தான் போட்டுக் கொடுத்தோம். அக்கா ஒரு பட்டியல், நான் ஒரு பட்டியல். ஒருவர் மற்றவருடையதைப் பார்க்கக் கூடாது. அவருடைய நீல நோட்டு அவர் மேசை இழுப்பறையில், பூட்டுக்குள். என்னுடையது என் பையில். இரண்டும் முடிந்த பிறகு இருவரும் கடைசி எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். ஒத்துப்போனால் கட்டுரை அனுப்பலாம். ஒத்துப்போகவில்லை என்றால் முதல் படத்திலிருந்து மறுபடி. இதுதான் அக்காவின் சட்டம். சார், இந்தச் சட்டத்துக்கு நீங்களும் தலையாட்டினீர்கள். கட்டுரையிலும் எழுதினீர்கள், இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து சரிபார்த்தது என்று.

அக்கா முதலில் முடித்துவிட்டார். நான் முடித்தது ஒரு நாள் மத்தியானம். அன்றைக்கு அக்கா வரவில்லை. அவர் அப்பாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் கண் அறுவை சிகிச்சை. வெளிநாட்டில் ஒரு குழு இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று செய்தி வந்திருந்தது. சாருக்கு அவர்களை முந்த வேண்டும். மறுநாள் சாயந்திரத்துக்குள் அனுப்பியாக வேண்டும் என்று நின்றார். என் எண்ணைக் கேட்டார், சொன்னேன். அலுவலக அறைக்குப் போனார். சுவரில் மாட்டியிருக்கும் மாற்றுச் சாவிக் கொத்தை எடுத்து வந்தார். அக்காவின் இழுப்பறையைத் திறந்தார். நீல நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். என் எண்ணும் அந்த எண்ணும் வேறு.

நோட்டை என் முன்னால் போட்டார். எங்கே மாறுகிறது என்று பார்க்கச் சொன்னார்.

நான் தயங்கினேன். பார்க்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறார் என்றேன். மாறியது தெரிந்தால் அவள் முதலிலிருந்து ஆரம்பிப்பாள், ஒரு வாரம் போய்விடும் என்றார். நான் அப்போதும் கை வைக்கவில்லை. அப்போது அவர் கேட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அவ தப்பு பண்ணுவாளா, நீ பண்ணுவியா? நீயே சொல்லுப்பா."

நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். "நான்தான் சார்," என்றேன்.

"அப்புறம் இன்னா. சரி பண்ணு."

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வரிசையாக எல்லாம் ஒத்துப்போனது. நாற்பத்தொன்றாவது படத்தில் அவர் விரல் நின்றது. அக்கா முழுதாக எண்ணியிருந்தார். நான் பாதி என்று போட்டிருந்தேன். ஏன் பாதி போட்டேன் என்று அந்தத் தாளிலேயே ஓரத்தில் சின்னதாகப் படம் வரைந்து, எந்த இரண்டு கோடு இடம் மாறும் என்று காட்டியும் இருந்தேன். அதை ஒரு நிமிடம் படித்திருந்தால் போதும். அவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. அக்கா முழுது போட்டிருக்கிறார் என்றால் முழுதுதான். பாதி என்பதை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினேன். பக்கத்தில் சார் தன் பச்சை மைப் பேனாவால் ஒரு டிக் போட்டார். நோட்டை உள்ளே வைத்துப் பூட்டினார். சாவிக் கொத்தை அவரே கொண்டுபோய் மாட்டினார்.

மறுநாள் காலை அக்கா வந்தார். அப்பாவுக்குப் பார்வை நன்றாக இருக்கிறது என்றார். நான் முடித்துவிட்டேன் என்று தெரிந்ததும் உட்காரக்கூட இல்லை. இரண்டு துண்டுச்சீட்டு எழுதினோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவரே எண்ணினார். திருப்பினோம். கடைசி இலக்கம் வரை ஒன்று.

அக்கா கை தட்டினார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் கை தட்டி நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர். "ரெண்டு வருஷம்ப்பா. ரெண்டு பேரு. ஒரே எண்ணு," என்றார். அறையில் இருந்த எல்லாருக்கும் பன் வாங்கி வந்தார். எனக்கு இரண்டு. நான் இரண்டையும் தின்றேன்.

ஆறு மாதம் கழித்து அந்த வெளிநாட்டுக் குழு வேறு வழியில் போட்டு, எங்கள் எண் தப்பு என்று எழுதியது. சார் எல்லாரையும் கருத்தரங்க அறைக்குக் கூப்பிட்டார். எல்லார் முன்னாலும் அக்காவை நிற்க வைத்து, தப்பு எங்கே என்று கேட்டார். அக்கா மூன்று நாள் அவகாசம் கேட்டார். மூன்றாம் நாள் அதே அறையில் எழுந்து நின்று, நாற்பத்தொன்றாவது படத்தில் பாதி விட்டுப்போயிருக்கிறது, என் தப்பு சார் என்றார். இன்னொரு ஆளும் அதே தப்பைத்தானே செய்திருக்கிறார் என்று யாரோ கேட்டதற்கு, பட்டியலுக்குப் பொறுப்பு நான்தான் என்றார். சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை.

அக்கா என்னைச் சந்தேகப்படவே இல்லை. ஒரு நொடிகூட இல்லை. நான் பார்த்திருப்பேன் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அவருக்கு அழுகை இல்லை, கோபம் இல்லை. பெரிய ஆச்சரியம்தான் இருந்தது.

"நான் விட்டது சரி. நீயும் எப்பிடிப்பா அதே எடத்துல விட்ட? ரெண்டு பேரு ஒரே எடத்துல விழுந்தா அங்க ஏதோ பள்ளம் இருக்குனு அர்த்தம். அது இன்னானு கண்டுபிடிக்கணும். ஞாபகப்படுத்திச் சொல்லு, உனக்கு அது எப்பிடித் தெரிஞ்சுது?"

"தெரியலக்கா," என்றேன்.

வாரக்கணக்காக அந்தப் பள்ளத்தைத் தேடினார். நாங்கள் இருவரும் படித்த பாடப்புத்தகம் ஒன்றா என்று கேட்டார். அதில் அந்தப் படத்தை எப்படி வரைந்திருக்கிறது என்று பார்த்தார். படத்தைத் திருப்பி வரைந்தார், சாய்த்து வரைந்தார், எந்தக் கோணத்தில் பார்த்தால் அந்த இரண்டு கோடும் வேறு வேறாகத் தெரிகிறது என்று தேடினார். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரைப் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் அந்தப் படத்தைக் கொடுத்து எண்ணச் சொன்னார். இரண்டு பேரும் சரியாகப் பாதி என்று போட்டார்கள். அக்காவுக்கு இன்னும் குழப்பம். பிறகு வருகிறவர்கள் விழாமல் இருக்க ஒரு எச்சரிக்கைக் குறிப்பு பத்துப் பக்கம் எழுதினார். நான் எதிர்மேசையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பள்ளம் எதுவும் இல்லை. நான்தான் இருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பயம். என் உதவித்தொகைப் படிவத்தில் சார் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேன்.

சார் பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினார். மாணவியின் பட்டியலில் நேர்ந்த பிழை என்று அதில் எழுதினார். மாணவர்கள் என்றுகூட எழுதவில்லை. அக்காவின் ஆய்வேடு அந்த எண்ணின்மேல் நின்றது. திருத்தி எழுத ஒரு வருடம் நீட்டிப்பு கேட்டார், கிடைக்கவில்லை. பிரான்ஸில் ஒரு ஆய்வுக்கூடத்தில் அவருக்கு இடம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அதற்கு சாரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். சார் எழுதவில்லை. நம்பகத்தன்மை என்று ஒன்று இருக்கிறதே என்றாராம். அக்கா வேலையை முடிக்காமல், வெறும் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டுதான் போனார்.

போவதற்கு முன்னால் அலமாரிக் கதவில் கடைசியாக எழுதிவிட்டுப் போனார். படம் 41, பாதி விட்டது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அந்த வெளிநாட்டுக் குழுவின் பெயர். அந்த இடத்தில் எழுத வேண்டியது என் பெயர். அவர்களுக்கு ஆறு மாதம் முன்னால், ஊருக்கு வடக்கே ஒரு மூலையில் உட்கார்ந்து அந்தத் தப்பைக் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்த அன்றைக்கே அழித்தவனும் நான். எனக்கு ஒரு பன் சேர வேண்டியிருந்தது. அதற்குப் பதில் இரண்டு தின்றேன்.

ஒரு வருடத்தில் நானும் வெளியே வந்துவிட்டேன். அந்தப் படங்களை மறுபடி தொட மனம் வரவில்லை. அக்கா எங்கே இருக்கிறார் என்று அவர் தெருக்காரர்கள் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவர் ஒரு ஊர் சொன்னார், இன்னொருவர் வேறு ஊர். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தருகிறார் என்பதை மட்டும் இரண்டு பேரும் சொன்னார்கள். அதனால் அதை நம்புகிறேன்.

இனி மேடைக்கு வருகிறேன். சார் சொன்ன கதை இது. என்னிடம் ஒரு பெண் இருந்தாள், மகா ஜாக்கிரதைக்காரி, எதையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பாள். கடைசியில் ஒரு பாதியை விட்டுவிட்டு என் மானத்தை வாங்கினாள். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டும் ஒரே தப்பு. அதனால் நண்பர்களே, எத்தனை பேர் சரிபார்த்தாலும் மாணவர்களை மட்டும் நம்பாதீர்கள். சபை சிரித்தது. அதோடு விடவில்லை. என்னைக் கைகாட்டினார். அந்த ரெண்டாவது ஆள் இங்கதான் உக்காந்திருக்கார், இப்ப பாட்டரி விக்கிறார், வாங்குறவங்க முழு சார்ஜ் இருக்கான்னு பாத்து வாங்குங்க என்றார். கூடம் அதிர்ந்தது. என் பக்கத்தில் இருந்தவர் என் தொடையில் தட்டிச் சிரித்தார்.

தனித்தனியாக என்றார். அந்த ஒரு சொல்லில்தான் நான் உறைந்துபோனேன். கேலி செய்ததைக்கூட விடுகிறேன். இத்தனை வருடம் இவருக்கும் அது உறுத்திக்கொண்டிருக்கும் என்று நினைத்திருந்தேன். நான் பேசாமல் இருப்பது மாதிரி அவரும் பேச முடியாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் அதை ஜோக்காக்கி வைத்திருக்கிறார். பலமுறை சொல்லிப் பழகிய ஜோக். எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கூட்டம் கலைந்தபின் சாப்பாட்டு வரிசையில் அவரைப் பிடித்தேன். தனித்தனியாகப் போடவில்லையே சார் என்றேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"இன்னும் அதையா நெனச்சுட்டு இருக்க? சபைக்கு ஏதாவது சொல்லணும்ப்பா. சாப்ட்டுப் போ."

நான் சாப்பிடவில்லை.

சார், அக்கா செய்த தப்பு ஒரு படத்தை இரண்டாக எண்ணியது. நீங்களும் நானும் செய்தது என்ன? அங்கே இருந்தது ஒரே ஒரு கணக்கு, அக்காவுடையது. அதை அவருடைய கணக்கு ஒன்று, என் கணக்கு ஒன்று என்று இரண்டாக எண்ணி உலகத்துக்கு அனுப்பினோம். அவர் செய்தது கண் செய்த தப்பு, தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டார். நாம் செய்தது தெரிந்தே செய்தது, அதற்கு எந்தக் கதவிலும் தாள் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அக்கா, எங்கேயாவது இதைப் படித்தால், நீங்கள் தேடிய பள்ளம் இதுதான். உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. புத்தகத்திலும் கோளாறு இல்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மாற்றினேன்.

பாதியை அடித்து ஒன்று என்று நான் எழுதிய அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. கடையில், பாட்டரி வாரண்டி அட்டைகள் வைக்கும் கோப்பில் கடைசியாக இருக்கிறது. பச்சை டிக் இன்னும் மங்கவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், காலை பத்து மணிக்குக் கடை திறப்பேன்.

நீங்கள் எனக்குப் போன் செய்ய வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். நீங்கள் அந்தப் பெண்ணை எழுந்து நிற்கச் சொன்னது எல்லார் முன்னாலும். சிரித்ததும் எல்லார் முன்னாலும். பதிலையும் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். இந்தப் பத்திரிகையிலேயே, உங்கள் பெயர் போட்டு எழுதுங்கள். என் விடையை நான் எழுதிவிட்டேன். உங்கள் சீட்டைத் திருப்புங்கள், ஊர் பார்க்கட்டும்.

அன்றைக்கு மத்தியானம் அக்காவின் இழுப்பறையைத் திறந்தது யார், சார்?